ஆடுகிறவரை எப்படி வரைவது? கூத்தையும் காவடியையும் இருந்த இடத்தில் வரைவது பற்றி

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசுவமடுவில் வீட்டிலிருந்து நீர்வர்ணம் செய்கிறீர்கள். வளவும் குளக்கட்டும் பூவும் நன்றாக வருகின்றன. ஆனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்குக் கொப்பியோடு போனால், காவடி ஆடுகிறவரின் தலையைக் கீறி முடிப்பதற்குள் ஆள் கோவில் வாசலைத் தாண்டிவிடுகிறார். இரவுக் கூத்தில் கலந்த நிறம் விடியப் பார்த்தால் வேறு நிறமாக இருக்கிறது. எந்தப் பெயின்ட் வாங்கினால் சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள், கூடவே வெளிநாட்டு இசைவிழா வீடியோக்களில் மேடையோரம் நின்று பெரிய கன்வஸில் வரைகிறார்களே, அதை இங்கேயும் செய்யலாமா என்றும். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் உங்களைத் தடுப்பது பெயின்ட் என்று எனக்குத் தோன்றவில்லை. நிற்காத ஒருவரை, நிற்கிற ஒரு மரத்தை வரைகிற முறையில் வரையப் பார்க்கிறீர்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிறேன். கனகாலமாகக் கோவில் திருவிழாக்களிலும் கூத்து ஆடுகிற களரிகளிலும் பிரதேச செயலகங்கள் நடத்துகிற பண்பாட்டு விழாக்களிலும் இருந்து வரைகிறேன். பேனை, மை, நீர்வர்ணம், இவைதான் என் கைக்குப் பழக்கம். எண்ணெய் வர்ணம் பற்றி நான் சொன்னால் அது கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று: நம் பக்கத்து ஆட்டங்கள் எல்லாம் திரும்பி வருகிறவை. காத்தவராயன் கூத்தை எடுங்கள். ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது வரவுப் பாட்டு. ஆடுகிறவர் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதையே வாங்கித் திருப்பிப் பாட, அந்த இடைவெளியில் அவர் துள்ளு நடையில் களரியைச் சுற்றி வருவார். அடுத்த அடி, மறுபடியும் ஒரு சுற்று. அதே கால் முன்னே வரும், அதே இடத்தில் தோள் திரும்பும், அதே மூலையில் முகம் சனத்தின் பக்கம் வரும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் மெட்டும் ஆட்டமும் வேறு, ஆனாலும் பாட்டும் ஆட்டமும் மாறி மாறி வருவது அங்கேயும் உண்டு. காவடியில் தவில்காரர் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய் ஒரு தீர்மானம் வைத்து முடிப்பார், ஆடுகிறவர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார். அந்தக் கணம் உங்களுடையது. அசைவைத் துரத்திக்கொண்டு போனால் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் நிற்பீர்கள். அது திரும்பி வருகிற இடத்தில் காத்திருங்கள். அந்த இடம் எது என்பதைக் கண்ணை விடக் காதுதான் முந்திச் சொல்லும்.

ஆகவே போனவுடனே கொப்பியைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் மத்தளத்தையும் சல்லரி என்கிற கைத்தாளத்தையும் கேளுங்கள், காத்தவராயன் கூத்தென்றால் உடுக்கையும். தாளம் எந்த இடத்தில் வந்து விழுகிறது, விழும்போது ஆடுகிறவரின் எந்தக் கால் நிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இதைத் தொடையில் விரலால் தட்டிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். பிறகு வரையத் தொடங்கினால் கை பதறாது, ஏனென்றால் அந்த நிலை இன்னொருமுறை வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு தாளுக்கு ஒரு ஆள் என்று கணக்கு வைக்காதீர்கள். டிமைத் தாளை, அதாவது பெரிய சித்திரத் தாளைப் பாதியாக்கி, ஒரே பக்கத்தில் நாலைந்து நிலைகளைத் தொடங்கிப் போடுங்கள். தோளின் சரிவுக்கு ஒரு கோடு, இடுப்பின் சரிவுக்கு ஒரு கோடு, பாரம் இறங்குகிற காலுக்கு ஒரு கோடு. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் முகமே இல்லாவிட்டாலும் ஆள் ஆடுவார். அதே நிலை அடுத்த சுற்றில் வரும்போது பழைய கோட்டுக்குத் திரும்பிப் போய் முழங்காலைச் சேருங்கள், அதற்கடுத்த சுற்றில் சலங்கையையும் உடுப்பின் விளிம்பையும். முகத்தில் தொடங்குவது எல்லாருக்கும் உள்ள பழக்கம், ஆட்டத்தை வரையும்போது அதைக் கட்டாயம் விட வேண்டும், முகத்தைக் கடைசியாக, அதுவும் நேரம் இருந்தால் பார்க்கலாம். இன்னொரு விஷயம், இதைப் பல பேர் கவனிப்பதில்லை. நிற்கிற ஆளின் தொண்டைக் குழியிலிருந்து நேரே கீழே ஒரு கோடு விட்டால் அது பாரம் தாங்குகிற காலுக்குள் விழும். ஆடுகிறவருக்கு அந்தக் கோடு காலுக்கு வெளியே விழும். அந்த விலகல்தான் படத்தில் அசைவாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து, ஆள் விழப்போகிறாரே என்று அதைத் திருத்தி நேராக்கினால் ஆட்டம் நின்றுவிடும்.

1906 இல் கம்போடிய மன்னர் சிசோவத்தோடு அரச நடனக் குழுவும் பிரான்சுக்குப் போனது. பிரெஞ்சுச் சிற்பி ரொடான் அவர்களைப் பாரிசில் பார்த்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே மார்செய் துறைமுகம் வரை போய், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 சித்திரங்கள் வரைந்தார். அப்போது அவருக்கு 65 வயது. தாளைப் பார்க்காமல் கண்ணை ஆடுகிறவரிலேயே வைத்துக்கொண்டு பென்சிலை ஓடவிடுவது அவருடைய முறை, நிறத்தைப் பெரும்பாலும் பிறகுதான் பூசினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடத்திலேயே கோடு, நிறம், பின்னணி எல்லாவற்றையும் முடித்தால்தான் அது நேரில் வரைந்த படம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. அந்த இடத்தில் மட்டும் கிடைக்கக்கூடியதை அங்கே எடுங்கள், மற்றதை வீட்டில் பார்க்கலாம்.

தொடங்குவதற்கு ஆடுகிறவரை விட வாசிக்கிறவர் நல்லவர். ஒரு தவில்காரரைத் தனித் தாளில் வரைந்து பாருங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் பூவரசங்கழி. வேகம் கூடும்போது அந்த விரல்களை யாராலும் பார்க்க முடியாது, மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். அதனால் விரலை எண்ணிக் கீறப் போகாதீர்கள். அசையாமல் இருப்பது எது என்று தேடுங்கள்: தோளில் இறங்குகிற வார், தவிலின் உடம்பு, வியர்வையில் மார்போடு ஒட்டிக்கிடக்கிற சங்கிலி, நாதஸ்வரக்காரர் எப்போது மூச்செடுப்பார் என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற கண். இவற்றை மையில் கூர்மையாகப் போட்டுவிட்டு, இரண்டு கையும் இருக்கிற இடத்தில் தண்ணீர் குறைந்த தூரிகையால் ஒரே ஒரு இழுப்பு இழுங்கள், தாளின் சொரசொரப்பு வெள்ளையாகத் தெரிகிற மாதிரி. கூர்மையும் மங்கலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பார்க்கிறவரின் கண் அதை வேகமாக வாசிக்கும். எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் போட்டால் தவிலில் கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவராகத்தான் தெரிவார்.

காவடிக்கு வேறு வழி. ஊர்வலத்தின் கூடவே நடந்து வரைவது சரிவராது. காவடிகள் எங்கே நின்று ஆடுகின்றன என்று முதலே பாருங்கள், சந்தியிலும் தண்ணீர்ப்பந்தலடியிலும் கோவில் வாசலிலும் கட்டாயம் நின்று ஆடும். அங்கே ஒரு மதிலோரம் பிடித்து இருந்தால் ஒன்றுபோன பின் ஒன்றாக எல்லாக் காவடியும் உங்கள் முன்னால் வந்து அதே ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகும். ஆக, ஒருவரின் காலும் இன்னொருவரின் தோளும் மூன்றாமவரின் காவடி வளைவும் சேர்ந்து ஒரு படமாகலாம், அதில் பொய் எதுவும் இல்லை. லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்திலோ பெரிய உழவு இயந்திரத்திலோ கட்டி வருகிற தூக்குக் காவடி மெதுவாகத்தான் நகரும், வரைய நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

இனி நிறம் மாறுகிற பிரச்சினை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, இது பௌதிகவியல். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி 589 நனோமீற்றரைச் சுற்றிய மஞ்சள்தான், நீலம் மிகக் குறைவு. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் மஞ்சள் பெயின்ட்டும் ஒன்றாகவே தெரியும். தெரியவில்லையே என்று அள்ளிப் பூசுவீர்கள், விடியப் பார்த்தால் எல்லாம் மஞ்சள். நீலம் கறுப்பாகத் தெரியும், அதனால் அதைத் தண்ணீராக்கிவிடுவீர்கள். மம்மல் நேரத்தில் இன்னொன்று நடக்கும். வெளிச்சம் குறையக் குறையக் கண் சிவப்பை முதலில் இழக்கும், நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பின்னேரம் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் பட்டு, விளக்கு வைக்கிற நேரம் கறுத்துப் போகிறது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும், நடுவில் ஒருதரம் போனைப் பார்த்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

இதற்கு நான் செய்வது, இரவில் நிறத்தைக் கண்ணால் நம்புவதில்லை. தட்டில் எந்தக் குழியில் எந்த நிறம் என்பது ஒருபோதும் மாறாது, கை தானாகப் போகும். படத்தில் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதை மட்டும் இடத்தில் முடிக்கிறேன், ஒரு கருநீலமும் ஒரு மண்நிறமும் அதற்குப் போதும். உடுப்பின் நிறத்தை ஓரத்தில் எழுதி வைக்கிறேன், அரக்கு, கிளிப்பச்சை, சரிகை இடது பக்கம் மட்டும், என்று. பற்றரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றைக் கொப்பியில் கொழுவலாம். நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவு (CRI) 90 க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லது. ஆனால் அதைத் தாளோடு தாழ்த்தி வையுங்கள், ஆடுகிறவரின் கண்ணில் படக்கூடாது. களரி வெளிச்சத்தில் ஆடுகிறவருக்கு எதிரே இருட்டில் ஒரு தனி வெளிச்சம் தெரிந்தால் அது எவ்வளவு தொந்தரவு என்று ஆடியவர்களைக் கேட்டால் தெரியும்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். வைகாசியில் சோளகக் காற்றுப் பிடித்துவிடும், மத்தியானத்தில் நீர்வர்ணம் தாளில் பரவ முன்னமே காய்ந்து விளிம்பு கட்டும். அதனால் நீர்வர்ணத்தைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வைத்துக்கொண்டு, வெயிலில் பேனையையும் மையையும் பாவியுங்கள். தண்ணீர் பட்டால் கரையாத மையாக இருக்க வேண்டும், வீட்டில் ஒரு தடவை கீறி, காயவிட்டு, தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுக் கொண்டு போங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டால் காய்வது தாமதிக்கும், கூடிப்போனால் பெயின்ட் பிசுபிசுவென்று கிடந்து நம் செம்மண் தூசி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் இந்த வெயிலில் தட்டிலேயே இறுகிவிடும், இறுகினால் தண்ணீர் விட்டு மீட்க முடியாது. தாள் சதுர மீற்றருக்கு 300 கிராம் என்றால் நெளியாது, ஆனால் விலை. பழகுகிற காலத்தில் அவ்வளவு செலவழிக்க வேண்டாம். இரவுக் கூத்துக்கு, பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடுகிற பிரவுன் பேப்பர் எடுங்கள், கறுப்பு மையும் வெள்ளைப் போஸ்டர் கலரும் எடுங்கள். தாளின் நிறமே இருட்டாக நிற்கும், வெளிச்சம் படுகிற இடத்தை மட்டும் வெள்ளையால் தொட்டால் போதும், வேலை பாதியாகக் குறையும். அந்தத் தாள் காலப்போக்கில் கறுத்து நொறுங்கும் என்பது உண்மை, வைத்திருக்க வேண்டிய படத்தை அதில் செய்யாதீர்கள்.

இருக்கிற இடம் பற்றி ஒன்றிரண்டு. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அளவு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். திருவிழாப் பெட்டிகள் அதை எளிதில் தாண்டும், காதில் பஞ்சு வைப்பது பெரிதாக உதவாது. முதுகுக்குப் பின்னால் மதிலோ மரமோ இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னால் இருபது பேர் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் வருவார்கள், கட்டாயம் வருவார்கள். துரத்தாதீர்கள், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பக்கத்தில் இருத்திவிடுங்கள். விடிய விடிய நடக்கிற கூத்துக்கு நீங்கள் தனியே போக வேண்டாம், அம்மாவையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போங்கள். இதைப் பெண்பிள்ளை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, வரைகிறவருக்குச் சுற்றி நடப்பது தெரியாது, சாமானைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லத்தான் வேண்டும். கோவிலென்றால் பரிபாலன சபையில் ஒருவரிடம், கூத்தென்றால் அதைப் பழக்குகிற அண்ணாவியாரிடம் முதலே போய்க் கதையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், சொல்லாமல் போய் முன்வரிசையில் இருந்தால்தான் மனவருத்தம் வரும். கடல்நீரில் விளக்கெரிக்கும் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலிலும் சரி, வற்றாப்பளையிலும் சரி, மூலஸ்தானத்தை நோக்கிக் கொப்பியை விரிக்க வேண்டாம். உரு வந்து ஆடுகிறவரின் முகத்தை நேரே இருந்து வரைவது சரியில்லை என்பது என் முடிவு, வேறு ஆட்கள் வேறு மாதிரி நினைக்கலாம். அதைவிட முக்கியமான ஒன்று. நம் மண்ணில் காணாமல் போன பிள்ளைக்காக நேர்ந்து காவடி எடுக்கிற தாய்மார் இருக்கிறார்கள். நந்திக்கடலோரத்தில் இருக்கிற ஒரு கோவிலில் யார் எதற்காக அழுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அழுகிற முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி வரையாதீர்கள், வரைந்தாலும் போனில் போடாதீர்கள். முதுகை வரையலாம், கையை வரையலாம், கற்பூரச் சட்டி ஏந்துகிற விரலை வரையலாம். அதில் எல்லாம் இருக்கும். கூத்தாடியவருக்கோ தவில்காரருக்கோ படத்தைக் காட்டுங்கள், முடிந்தால் ஒரு பிரதி கொடுங்கள். கழி பிடித்திருக்கிற விதம் பிழை என்று அவர் சொன்னால் அது உங்களுக்குக் கிடைத்த பெரிய பாடம்.

மேடையோரம் பெரிய கன்வஸ் வைத்து வரைவது முற்றிலும் வேறு வேலை. அங்கே வரைகிறவரும் ஒரு கலைஞராக மேடையில் நிற்கிறார், படம் வளர்வதே ஒரு நிகழ்ச்சி. பெரும்பாலும் படத்தின் அமைப்பை முதலே பழகி வைத்துக்கொண்டுதான் வருவார்கள், கச்சேரி முடிய முன் முடிந்தாக வேண்டும் என்பதால் சீக்கிரம் காய்கிற அக்ரிலிக், அகலத் தூரிகை. சனம் தூரத்திலிருந்து பார்ப்பதால் நுணுக்கத்துக்கு வேலை இல்லை, முதல் பத்து நிமிடத்தில் பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் விழுந்துவிட வேண்டும். 2011 இல் தொடங்கிய யாழ்ப்பாண இசைவிழா மாதிரி, பல மேடையும் திறந்த வெளியும் இருக்கிற இடத்தில் இது பொருந்தும், பண்பாட்டு விழா மேடையிலும் ஏற்பாட்டாளர்கள் கேட்டால் செய்யலாம். கூத்துக் களரிக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். மாதக்கணக்காகப் பழகி வந்து ஆடுகிறவர்கள் மேல் இருக்க வேண்டிய கண்ணை நாம் இழுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கே இன்னும் தீராத ஒன்று போட்டோ. சிலர் போனில் எடுத்து வந்து வீட்டில் பார்த்து முடிக்கிறார்கள். உடுப்பின் வேலைப்பாடு, கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதற்கு அது உதவும், நானும் எடுப்பதுண்டு. ஆனால் போட்டோ ஒரு கணத்தை அறுத்தெடுக்கிறது, நீங்கள் களரியடியில் இருந்து போட்ட கோடு பல சுற்றுகளைச் சேர்த்தது. இரண்டும் முட்டும்போது நான் கோட்டின் பக்கம் நிற்கிறேன், அதுதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு அடுத்த பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் எங்கேயாவது கூத்துப் பழகுகிறார்களா என்று விசாரியுங்கள், பழகுகிற இரவுகளுக்குப் போங்கள். உடுப்பு இருக்காது, சாரமும் சேர்ட்டுமாகத்தான் ஆடுவார்கள், அதனால் இடுப்பும் முழங்காலும் மறையாமல் தெரியும். ஒரே ரியூப் லைட் வெளிச்சம், அது மாறாது. முக்கியமாக, ஒரு வரவு சரிவராவிட்டால் அண்ணாவியார் நிறுத்தி அதையே திரும்பத் திரும்ப ஆடச் சொல்லுவார். நீங்களும் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் போடலாம். பிரவுன் பேப்பரும் பேனையும் போதும், பெயின்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.